கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க ஆட்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி கிளை நூலகத்தில் மே மாதம் முழுவதும் காலை 10 முதல் 11.30 வரை இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கதை வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். நூலகர் இடம் தந்துவிட்டார். ஆள்தான் போதவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. தனித்தனியாகக் காட்டினால் டக்கென்று சொல்கிறார்கள். ஆனால் 'கொக்கு' என்று வந்ததும் நின்றுவிடுகிறார்கள். 'கொ'வில் முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வருவதில்லை. சிலர் படத்தைப் பார்த்து 'பறவை' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வகுப்பில் நாற்பது பேர் இருக்கும்போது ஆசிரியரால் ஒவ்வொருவரிடமும் நின்று கேட்க முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினால் போதும், பிடித்துக்கொள்கிறார்கள். லீவில் இதை விட்டுவிட்டால் ஜூனில் மறுபடி அ, ஆவில் இருந்துதான்.

வாரத்தில் இரண்டு நாள் வர முடிந்தால் போதும். பி.எட். எல்லாம் வேண்டாம், தமிழைச் சத்தமாக, நிறுத்தி வாசிக்கத் தெரிந்தால் சரி. ஒருவருக்கு மூன்று நான்கு பிள்ளைகள்தான். ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் யாரானாலும் வரலாம். தப்பாக வாசித்தால் அதட்டக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.

அப்புறம், ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கலரில் பிரிண்ட் எடுத்துத் தர யாராலாவது முடியுமா? வர விருப்பமுள்ளவர்கள் எந்தெந்த நாள் தோதுப்படும் என்று கீழே எழுதுங்கள்.