அடோர்வாஸ்டாடின்: வேலூரில் மூன்று கடை, மூன்று விலை

சத்துவாச்சாரி மகள்:
அம்மாவுக்குக் கொழுப்புக்காக அடோர்வாஸ்டாடின் 10 மி.கி., தினம் ஒன்று. ஆற்காடு ரோட்டில் ஒரு மெடிக்கலில் மாத்திரை ஒன்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் ஆகிறது. இன்னொரு கடையில் "ஜெனரிக், 20 சதவீதம் தள்ளுபடி" என்றார்கள் (ஜெனரிக் என்றால் அதே மருந்தை வேறு கம்பெனி செய்து விற்பது); கணக்குப் பார்த்தால் நாலு ரூபாய். மத்திய அரசுத் திட்டத்தின் மலிவுக் கடையான மக்கள் மருந்தகத்தில் ஒரு ரூபாய் அளவில்தான். அங்கேயே மாறிவிடலாம் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் கடைக்காரர்:
மாற்றாதீர்கள் அம்மா. டாக்டர் ஒரு கம்பெனி பெயரை எழுதினால் நாங்களே வேறு கம்பெனி கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாத்திரை முதலில் வந்த கம்பெனி மாத்திரையைப் போலவே ரத்தத்தில் சேர்கிறதா என்ற ஒப்பீட்டுச் சோதனை, பழைய மருந்துகள் பலவற்றுக்கு 2017 வரை கட்டாயமே இல்லை. விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

காட்பாடி தம்பி:
அண்ணா, அந்தக் குறை உங்கள் அலமாரியில் இருக்கும் பெரிய கம்பெனி மாத்திரைக்கும் உண்டே! அடோர்வாஸ்டாடின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இங்கே விற்பதில் பெரும்பாலானவை ஜெனரிக்தான், மேலே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு வைக்கும் உச்ச விலையும் தயாரிப்புச் செலவை வைத்துப் போடுவதில்லை. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள கம்பெனிகளின் விலையைச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். எல்லாரும் அதிக விலைக்கு விற்றால் சராசரியும் அதிகம்தான். அக்கா, தள்ளுபடியைப் பார்க்காதீர்கள். அட்டையில் விலையை ஏற்றி அச்சடித்துவிட்டு அதில் 20 கழித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மாத்திரை என்ன விலை என்று மட்டும் கேளுங்கள்.

குடியாத்தம் கடைக்காரர்:
வாடகை, பார்மசிஸ்ட் சம்பளம், காலாவதியாகிற சரக்கு எல்லாம் அந்த 16-க்குள்தான் தம்பி. மலிவுக் கடையில் ஸ்டாக் இல்லை என்று ராத்திரி பத்து மணிக்கு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி மாதம் ஒன்று, மீதி மாதம் வேறொன்று என்று சாப்பிடுவது நல்லதா?

ஆரணி நர்ஸ்:
கடைக்காரர் அண்ணன் பயப்படுவது சில மருந்துகளுக்கு நூறு சதவீதம் சரி. வலிப்புக்கு ஃபெனிடாயின், தைராய்டுக்கு லெவோதைராக்சின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின்: இவற்றில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வம்பு. டாக்டருக்குத் தெரியாமல் கம்பெனி மாற்றவே கூடாது. கொழுப்பு மாத்திரை அந்த வகை இல்லை. கம்பெனி பெயர் இல்லாமல், அடோர்வாஸ்டாடின் என்ற மூலப்பெயரில் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி மாறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ரத்தத்தில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) பாருங்கள். தமிழக அரசுத் திட்டமான முதல்வர் மருந்தகத்திலும் விலை கேளுங்கள், 2025 பிப்ரவரியில் திறந்தவை. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் மருந்துக்குக் காசே இல்லை.

குடியாத்தம் கடைக்காரர்:
சீட்டு மாற்றி வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி மகள்:
சரி அண்ணா. போன மாதம் அம்மாவுக்கு எல்.டி.எல். 92. திங்கட்கிழமை டாக்டரிடம் சீட்டு கேட்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே லேபில் பார்த்து, வருகிற எண்ணை இங்கேயே எழுதுகிறேன்.