புதுப்பிப்பு: கார் ஓவியத்தில் சக்கரம் கோணலாகத் தெரிந்தது சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. முன்பக்கமும் பக்கவாட்டும் தெரிகிற கோணத்தில் கார் வரைந்தால், சக்கரங்கள் கழன்று விழுவதுபோல் இருக்கின்றன என்று கேட்டிருந்தேன். பலன் தந்தது, "நீள்வட்டத்தின் குற்றச்சை அச்சுத்தண்டின் திசையில் வை" என்ற யோசனைதான். (சாய்வாகப் பார்த்தால் சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும்; அதன் நடுவே போகும் குட்டையான கோடு குற்றச்சு, நீளமான கோடு நெட்டச்சு. அச்சுத்தண்டு என்பது சக்கரம் சுழலும் தண்டு.) நான் நெட்டச்சைச் செங்குத்தாகவே வைத்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் திரும்பியிருந்தால் அதன் குற்றச்சும் கூடவே திரும்பும்; இதைக் கவனியுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. பழைய பள்ளி நோட்டில் நான் வரைந்த மாட்டுவண்டி கிடைத்தது. சக்கரத்தின் குடத்தின் (மையக் கட்டையின்) நடுவே, அச்சைக் காட்ட ஓவிய ஆசிரியர் இழுத்த சிவப்புக் கோடு. "முதல்ல அச்சைப் போடுடா, அப்புறம் சக்கரம்" என்பார். கார் வடிவமைப்பு படிக்க வந்ததே அவரால்தான். புது ஓவியத்தை அவருக்கு அனுப்பினேன். பின்சக்கரம் தூரத்தில் இருக்கிறது, அதன் நீள்வட்டம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கணும் என்றார். திருத்திவிட்டேன்.