தர்மபுரி பக்கத்து டூரிங் டாக்கீஸ் பத்தி பிஎச்டி பண்றேன், எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

வணக்கம், நான் தர்மபுரில விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கெஸ்ட் லெக்சரர், கூடவே பார்ட் டைம் பிஎச்டி. நம்ம பக்கத்து டூரிங் கொட்டாய்ங்க, அதான் தற்காலிகமா கூடாரம் போட்டு படம் காட்டுன தியேட்டருங்க, அத பத்தி பண்ணலாம்னு இருக்கேன், ஆனா கமிட்டில ஒருத்தரு படத்த விட்டுட்டு கொட்டாய ஆராய்ச்சி பண்ணி என்னம்மா ஆகப்போகுதுன்னு கேட்டுட்டாரு, ரெண்டு நாள் சரியா தூக்கமே இல்ல. போன மாசம் கிளாஸ்ல உங்க தாத்தா பாட்டி எங்க படம் பாத்தாங்கன்னு கேட்டுட்டு வாங்கன்னேன். பென்னாகரத்துலேருந்து வர்ற பொண்ணு ஒண்ணு, அவங்க பாட்டி தரை டிக்கெட்ல மணல குமிச்சு மேடாக்கி அதுமேல குழந்தைய உக்கார வச்சு படம் பாத்ததா எழுதிட்டு வந்துச்சு. எந்த புத்தகத்துல இருக்கு இது? விடவும் மனசில்ல, எங்க தேடறதுன்னும் தெரியல.

ஊத்தங்கரையான்:
விடாதீங்க மேடம். யாரு எங்க உக்காந்து பாத்தாங்க, என்ன காசு குடுத்தாங்கங்கறதும் சினிமா ஆராய்ச்சிதான், தனி துறையாவே வளந்திருக்கு. 1931ல வந்த முதல் தமிழ் பேசும்படத்தோட பிரிண்ட்டே இன்னைக்கு இல்ல, படத்த மட்டும் நம்பி வரலாறு எழுத முடியுமா? கொட்டாய்க்கு லைசென்ஸ் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தது, 1955 சினிமா ஒழுங்குமுறை சட்டம்னு இருக்கு, அதுலேருந்து ஆரம்பிங்க. ஒண்ணு கவனம், தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல, அதுக்கு முந்தின ஃபைல சேலத்துலதான் கேக்கணும். கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004ல, அதனால எங்க ஊரு பழைய ஃபைலுக்கு தர்மபுரில கேளுங்க. சென்னைல ரோஜா முத்தையா நூலகத்துல பழைய சினிமா பத்திரிகை, பாட்டுப் புத்தகம்லாம் இருக்கு, ஒரு வாரம் தங்கிப் பாருங்க.

காவேரிப்பட்டணம் ஆபரேட்டர் மகன்:
அக்கா ஃபைலு எங்கயும் போகாது, ஆளுங்க போயிடுவாங்க, மொதல்ல அவங்கள பாருங்க. எங்கப்பா டூரிங்ல ஆபரேட்டர். ஒரே மெஷின்தான், ரீல் மாத்த படத்த நிறுத்தணும், அதான் கொட்டாய்ல மூணு நாலு இடைவேளை, முறுக்கு வியாபாரமே அத நம்பித்தான். மெஷினுக்கு வெளிச்சம் குடுக்கறது ரெண்டு கார்பன் குச்சி, அது எரிய எரிய ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடிரும், கருப்பு கண்ணாடி வழியா பாத்துகிட்டே திருகி திருகி கிட்ட கொண்டாரணும், அசந்தா திரை மங்கி கீழேருந்து விசில் பறக்கும். இன்னைக்கும் அவரு பேசும்போது அந்த வலது கை விரலு தானா திருகும், அத வீடியோ எடுங்க. வரலாறு சொல்லுங்கன்னா ஒண்ணுமில்லம்மாம்பாரு, மெஷின் பத்தி கேளுங்க, விடிய விடிய பேசுவாரு. மாங்கா சீசனுக்கு முன்னாடி வாங்க, அப்புறம் தோப்புக்கு போயிடுவாரு.

ஓசூர்வாசி:
ஒரே ஒரு விஷயம், தமிழ் சினிமா பார்வையாளர்னு தலைப்பு வைக்காதீங்க. ஓசூர் தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க நிறைய, மூணு பாஷ படமும் பாத்து வளந்த ஜனங்க. எங்கம்மாவுக்கு தமிழ் படிக்க வராது, ஆனா பாட்டெல்லாம் மனப்பாடம்.

கேட்டவங்க:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், தலைப்புலேருந்து தமிழ எடுத்தாச்சு. தம்பி, இந்த ஞாயித்துக்கிழமையே வரேன், அந்த பொண்ணையும் கூட்டிட்டு வரேன், கேமரா அது நல்லா புடிக்கும். அப்பாகிட்ட கேட்டு, அவருக்கு சம்மதம்னா சொல்லுப்பா. பழைய டிக்கெட், நோட்டீஸ் யாருகிட்டயாச்சும் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க.