பங்குத்தந்தை அனுமதித்துவிட்டால் தனித்தனி ஒப்புதல் வேண்டாமா?

கேள்வி – முதுகலை உளவியல் மாணவி, நாகர்கோவில்

2017 ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்று திரும்பாதவர்களின் மனைவியரிடையே மனச்சோர்வைப் பற்றி, தூத்தூர், வள்ளவிளைப் பகுதியில் ஆய்வேடு செய்யவிருக்கிறேன். கருவி, மனச்சோர்வை அளவிடும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 வினாப்பட்டியல். பங்குத்தந்தை அனுமதி தந்ததோடு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லாரையும் மண்டபத்தில் அமர வைப்பதாகவும் கூறியிருக்கிறார். இதற்குப் பிறகும் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்க வேண்டுமா? சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பதில் – ஓய்வுபெற்ற பேராசிரியர், மார்த்தாண்டம்

வாங்கத்தான் வேண்டும். பங்குத்தந்தையின் அனுமதி ஊருக்குள் நுழைவதற்கு மட்டுமே உதவும். பங்கேற்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண்தான். மண்டபத்தில் கூட்டி அமர்த்தினால், ‘ஃபாதர் சொல்லிவிட்டார்’ என்று இருப்பார்களே தவிர, பாதியில் எழுந்து போக யாருக்கும் துணிவு வராது. விலகும் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிகளை வகுத்து 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை மனிதருக்குரிய மதிப்பை முதற்கொள்கையாக வைத்தது இதனால்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வை விளக்கும் விவரத்தாளை வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை பெறலாம். அந்தச் சாட்சி பங்குத்தந்தையாக இருக்க வேண்டாம். கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வரும்முன் ஒரு வீட்டுக்கும் போகாதீர்கள்.

பதில் – மனநல ஆலோசகர், குளச்சல்

கையொப்பத்தைவிட எனக்குக் கவலை தருவது வினாப்பட்டியலின் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதுண்டா என அது கேட்கிறது. ‘அடிக்கடி’ என்று ஒருவர் சொன்னால், மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பீர்களா? அன்றே யாரிடம் அனுப்புவது என்பதை முன்னதாகப் பேசி வையுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416ஐயும் விவரத்தாளில் அச்சிடுங்கள். உடல் கிடைக்காத குடும்பங்களில் ‘கணவர் இறந்த பிறகு’ என்று தொடங்கும் கேள்வியே புண்ணைக் கீறும் என்பதால், ‘கடலுக்குப் போன பிறகு’ என்று கேளுங்கள். படிவத்தோடு வருபவரைக் கண்டாலே நிவாரணம் என்று எண்ணுவது கடலோரத்தில் சுனாமிக் காலத்திலிருந்தே உண்டு. உதவித்தொகை எதுவும் வராது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. மண்டபத்தைக் கைவிட்டு வீடுவீடாகச் செல்கிறேன். பெயர்களை எழுதாமல் குறியெண் மட்டும் இட்டால் போதுமா?

பதில் – ஓய்வுபெற்ற பேராசிரியர், மார்த்தாண்டம்

போதாது, அம்மா. ஊர்ப்பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, படகில் உடன் சென்றவர்கள் ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால், அந்தக் கரையில் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆய்வேட்டில் ‘மேற்குக் கடற்கரைக் கிராமங்கள்’ என்று மட்டும் எழுதி, வயதை வரம்புகளாகக் கொடுங்கள். எந்தக் குறியெண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். நவம்பர் இறுதியில் தரவு சேகரிக்கப் போகாதீர்கள். ஒக்கிப் புயலின் நினைவு நாள் வரும் வாரத்தில் கிடைக்கும் மதிப்பெண் வழக்கமான நிலையைக் காட்டாது.