பயோ இண்டிகேட்டர்: உயிர்ச்சுட்டியா, மாசுகாட்டி உயிரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தன்னிடம் தெரியும் மாற்றத்தால் சூழலின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் உயிரியைப் பயோ இண்டிகேட்டர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'உயிர்ச்சுட்டி' போதும் என்று பேச்சு முடியப்போகிற மாதிரி தெரிகிறது. எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, சொல்லின் அமைப்பு. திசைகாட்டி திசையைக் காட்டுகிறது, வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது. அந்தப் பழக்கத்தில் உயிர்ச்சுட்டியைப் படிப்பவர், உயிரைச் சுட்டுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். போதாததற்குச் 'சுட்டி'யைக் கணினிக்காரர்கள் மவுஸுக்கும் இணைப்புக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சரி, அதை விட்டுவிடலாம்.

இரண்டாவதுதான் பெரியது. கடல் மாசை ஆராய்பவர்கள் நத்தையிடமும் சிப்பியிடமும் வாங்குவது ஒரே வேலையை அல்ல.

நத்தையைப் பாருங்கள். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசிய சாயங்களில் டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது. லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவில் நீரில் கலந்தாலே நியூசெல்லா லாபில்லஸ் என்ற கடல்நத்தையின் பெண்ணுக்கு ஆண்குறி முளைக்கத் தொடங்கும். முற்றினால் முட்டையிடும் வழியே அடைபட்டுப்போகும். ஓட்டை உடைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் போதும், சேதி தெரிந்துவிடும்.

மைட்டிலஸ் இனச் சிப்பி வேறு மாதிரி. பாறையோடு ஒட்டிக் கிடந்து, ஓயாமல் நீரை வடிகட்டி, காட்மியம், ஈயம், பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் என்று வந்ததையெல்லாம் உடலில் சேர்த்துவைக்கும். கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் முன்மொழிந்த, சிப்பிகளைக் கொண்டு கடல் மாசைக் கண்காணிக்கும் 'மஸல் வாட்ச்' திட்டம் இதை நம்பித்தான். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 1986இல் அதைத் தன் கடற்கரைகளில் தொடங்கியது. ஒரே நீளமுள்ள சிப்பிகளாகப் பொறுக்கி, சதையை வழித்தெடுத்து, உலர்த்தி, ஒரு கிராம் உலர் எடைக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று பார்க்கிறார்கள். ஒரு போத்தல் கடல்நீர், அதை மொண்ட நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். சிப்பியின் சதையோ முந்தைய சில வாரங்கள், மாதங்களின் நிலையையும் சேர்த்துச் சொல்லும்.

ஆகவே என் பரிந்துரை: மாசு இருப்பதைக் காட்டும் நத்தையின் வேலைக்கு 'மாசுகாட்டி உயிரி', மாசின் அளவைச் சொல்லும் சிப்பியின் வேலைக்கு 'மாசுமானி உயிரி'. பயோ இண்டிகேட்டர், பயோ மானிட்டர் என்று ஆய்வாளர்கள் பலர் பிரிப்பதும் ஏறக்குறைய இதே கோட்டில்தான். மாசைத் தாண்டிய பொதுப் பொருளில் வேண்டுமானால் 'சூழல்காட்டி உயிரி' என்று வைத்துக்கொள்ளலாம். நீளம்தான், ஆனால் அருஞ்சொற்பொருள் பார்க்காமலே புரியும்.

மானி என்று சொல்லுமளவுக்குச் சிப்பி துல்லியமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சதை இளைத்துச் செறிவுக் கணக்கு மாறும். துத்தநாகத்தை மைட்டிலஸ் ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆய்ஸ்டர் என்ற வேறு வகைச் சிப்பியோ அதை வாரிச் சேர்க்கும். அதனால்தான் இனம், நீளம், பருவம் மூன்றையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறார்கள். அளவுத்திருத்தம் வேண்டாத மானி எது?

ஒரு சிக்கல் மிச்சம். ஓட்டில் உணரியை ஒட்டி, சிப்பி வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொள்கிறதா என்று கவனிக்கும் முறையும் இருக்கிறது. மூடினால் நீரில் ஏதோ கோளாறு என்று தெரியும். என்ன நஞ்சு, எவ்வளவு என்று தெரியாது. அங்கே அதே சிப்பி மாசுகாட்டி. எனவே சொற்பட்டியலில் இனத்தின் பெயரோடு இவற்றை ஒட்டிவைக்காமல், 'இந்த ஆய்வில் மாசுமானியாகப் பயன்பட்ட சிப்பி' என்பதுபோல ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்த்துவிடலாம்.