என் கணினியில் பச்சை, ராத்திரி ஓட்டத்தில் சிவப்பு: செலினியம் டெஸ்டை எப்படி நம்புவது?

மூணாவது_மாடி கேட்டது:

ஏழு வருடம் மேனுவல் டெஸ்டராக இருந்தேன். போன வருடம்தான் ஆட்டோமேஷன் (ஸ்கிரிப்ட் எழுதி டெஸ்டைத் தானாக ஓட்டுவது) பக்கம் தள்ளிவிட்டார்கள். ஜாவா மொழி, பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் 4, டெஸ்டுகளை ஓட்டும் டெஸ்ட்என்ஜி. தளம் பஸ் டிக்கெட் புக்கிங். ஊர், தேதி, சீட், பயணி பெயர் எல்லாம் போட்டு, பணம் கட்டும் பக்கம் வந்ததும் நின்றுவிடும். மொத்தம் 112 டெஸ்ட்.

தினமும் ராத்திரி 1 மணிக்கு ஜென்கின்ஸில் (குறித்த நேரத்தில் டெஸ்டுகளைத் தானே ஓட்டும் சர்வர்) ஓடும். காலையில் மெயிலைத் திறந்தால் ஒன்பதோ பதினான்கோ சிவப்பு, அதாவது ஃபெயில். அதே டெஸ்டை என் கணினியில் ஓட்டினால் பச்சை. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினாலும் பச்சை. "எங்க ஃபெயில் ஆகுது, காட்டு" என்று கேட்கும் டெவலப்பரிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் நான் உண்மையான பிழையைச் சொன்னாலும் "முதல்ல உன் ஸ்கிரிப்டைப் பாரு" என்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

பக்கம் வருவதற்காக ஸ்கிரிப்டைச் சும்மா நிறுத்தி வைக்கும் த்ரெட்.ஸ்லீப்பை 2 நொடி வைத்திருந்தேன். அதை 5 ஆக்கினேன், இப்போது 8. 50 நிமிடத்தில் முடிந்த ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அப்புறம் லீட் சொன்னார் என்று ரீட்ரை போட்டேன். விழுந்த டெஸ்டை மூன்று முறை வரை தானே திரும்ப ஓட்டும். சிவப்பு இரண்டாகக் குறைந்தது. ரிப்போர்ட்டில் 98 சதவீதம். லீடுக்குச் சந்தோஷம், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

வரும் பிழைகள் மூன்று வகை: ஸ்டேல் எலிமென்ட் (ஸ்கிரிப்ட் பிடித்து வைத்தது பக்கத்தில் இப்போது இல்லை), கிளிக் இன்டர்செப்டட் (பட்டனை வேறு ஏதோ மறைக்கிறது), இன்னொன்று தளமே "இந்தத் தேதியில் பஸ் இல்லை" என்று சொல்வது. எல்லாவற்றையும் ப்ளேரைட் என்ற இன்னொரு ஆட்டோமேஷன் கருவிக்கு மாற்றிவிட்டால் தீருமா?

கமா_எங்கே:

மாற்றிவிடுங்கள் ப்ரோ. கிளிக் செய்வதற்கு முன்னால் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, ஆடாமல் நிற்கிறதா, மேலே வேறு எதுவும் மூடியிருக்கிறதா என்று ப்ளேரைட் தானே பார்த்துக்கொள்ளும். ஸ்லீப் எழுதவே வேண்டாம். ட்ரேஸை (ஓட்டத்தின் பதிவு) ஆன் செய்து வைத்தால், விழுந்த டெஸ்டை அடி அடியாகத் திரும்பப் பார்க்கலாம். நாங்கள் மாறி எட்டு மாதம் ஆகிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய_க்யூஏ:

ப்ளேரைட் நல்ல கருவிதான். ஆனால் 112 டெஸ்டைத் திரும்ப எழுத உங்கள் லீட் எத்தனை வாரம் தருவார் என்று முதலில் கேளுங்கள். நான் க்யூடிபி என்ற பழைய டெஸ்ட் கருவியின் காலத்து ஆள். அப்போதும் இதே சண்டைதான்.

உங்கள் ஸ்லீப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டெஸ்டுக்கு நாலு இடம் என்று வைத்தாலும் 112 × 4 × 8 = 3584 நொடி. ஒரு மணி நேரம் உங்கள் சர்வர் சும்மா கைகட்டி நிற்கிறது. பக்கம் ஒன்பதாவது நொடியில் வந்தால் அப்போதும் டெஸ்ட் விழும். செலினியத்தின் வெப்டிரைவர்வெயிட் போட்டு, எது நடக்கவேண்டுமோ அதற்குக் காத்திருங்கள். வழக்கமாக அது அரை நொடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும், வந்தவுடன் நகர்ந்துவிடும். இம்ப்ளிசிட் வெயிட் (எதைத் தேடினாலும் பொதுவாகக் காத்திருக்கும் நேரம்) இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டையும் கலக்காதே என்று செலினியம் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: இம்ப்ளிசிட் 10 நொடி, வெப்டிரைவர்வெயிட் 15 நொடி என்று வைத்தால் 20 நொடி கழித்து டைம்அவுட் ஆகலாம்.

ஸ்டேல் எலிமென்ட்: பஸ் பட்டியல் வந்தவுடன் ஒரு வரியை எடுத்து வேரியபிளில் வைத்துக்கொள்கிறீர்கள், இல்லையா? அதற்குள் ஃபில்டரோ விலையோ மாறிப் பக்கம் பட்டியலைப் புதிதாக வரைந்துவிடுகிறது. உங்கள் கையில் இருப்பது பழைய வரி. கிளிக் செய்யும் இடத்திலேயே தேடி எடுங்கள்.

கிளிக் இன்டர்செப்டட்: விழும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். ஜென்கின்ஸில் ஹெட்லெஸ்ஸாக (பிரவுசர் ஜன்னல் கண்ணுக்குத் தெரியாமல்) ஓடினால் திரை 800 × 600 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மானிட்டரில் அழகாக ஒதுங்கி நிற்கும் ஆஃபர் பட்டை, அங்கே 'தொடரவும்' பட்டன் மேலேயே உட்கார்ந்திருக்கும். திரையை 1920 × 1080 என்று கொடுத்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவதுதான். மூன்று தடவை ஓட்டியும் சிவப்பாக நிற்கிற இரண்டும் தினமும் அதே இரண்டா? இரண்டும் 'இன்று' என்ற தேதியில் தேடுகிறவையா? ஆமென்றால் ஜென்கின்ஸ் சர்வரில் டேட் கமாண்ட் அடித்துப் பாருங்கள். யூடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்று வரும் என்று நினைக்கிறேன். நமக்கு ராத்திரி 1 மணி என்றால் அங்கே முந்தின நாள் 19:30. உங்கள் ஸ்கிரிப்டில் 'இன்று' எது என்று எடுக்கும் லோக்கல்டேட்.நௌ() நேற்றைய தேதியைத்தான் தரும். நேற்றைக்கு எவன் பஸ் விடுவான்?

சீட்_நம்பர்_7:

பழைய_க்யூஏ சொன்னதோடு ஒன்று. எங்களுடையதும் புக்கிங் தளம் என்பதால் சொல்கிறேன். பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டு நிற்கிறீர்கள். அந்த சீட்டைத் தளம் சில நிமிடம் யாருக்கும் தராமல் பிடித்து வைத்திருக்கும். ரீட்ரை அதே சீட்டையே கேட்டால் கிடைக்காது. எங்கள் டெஸ்ட் ஒன்று ஒரு மாதம் இப்படித்தான் உயிரை வாங்கியது. இன்னொன்று, பக்கத்து சீட் பெண்ணுக்குப் போயிருந்ததால் எங்கள் 'டெஸ்ட் குமார்' உட்காரவே முடியவில்லை. காலியாக இருப்பதைத் தேடி எடுக்கிற மாதிரி எழுதுங்கள்.

மூணாவது_மாடி:

பழைய_க்யூஏ அண்ணா (அண்ணா என்றே கூப்பிடுகிறேன்), அதே இரண்டுதான். இரண்டும் 'இன்று'தான். சர்வர் யூடிசிதான்.

லோக்கல்டேட்டுக்கு ஏசியா/கொல்கத்தா (இந்திய நேரம்) கொடுத்துச் சரிசெய்யப் போனேன். கை வைக்கும் முன் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தபோது ஒரு சந்தேகம். ஸ்கிரிப்ட் நேற்றைய தேதியைக் கேட்டது சரி. காலண்டர் ஏன் அதைக் கிளிக் செய்ய விட்டது? போன நாளெல்லாம் சாம்பல் நிறத்தில் அமுங்கி இருக்கவேண்டுமே. டெவலப்பரைக் கூப்பிட்டேன். காலண்டர் 'இன்று' எது என்பதை பிரவுசர் ஓடும் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. இந்திய நேரத்தை அது பார்ப்பதே இல்லை.

காலை 10 மணிக்கு அவர் கணினியிலேயே நேரத்தை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு (அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி) மாற்றிவிட்டுத் தளத்தைத் திறந்தோம். 'இன்று' அழுத்தினால் பஸ் இல்லை. 'நாளை' அழுத்தினால் பஸ் வரிசையாக வந்தது, எல்லாம் அன்று சாயங்காலம் கிளம்புகிற பஸ். அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 'நாளை' டிக்கெட் போடுகிற பிள்ளை என்ன செய்வான்? டெவலப்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே இதைத் தளத்தின் பிழையாகப் பதிந்தார், முதல் முன்னுரிமையில்.

இத்தனை நாளும் அந்த இரண்டு சிவப்பும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. அதனால் தளத்தைத் திருத்தும் வரை அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

ஸ்லீப் பாதிக்குமேல் எடுத்தாயிற்று, ஓட்டம் 41 நிமிடம். ரீட்ரையையும் எடுத்துவிட்டேன். இன்று காலை 4 சிவப்பு: அந்த இரண்டு, ஒரு ஸ்டேல், ஒன்று சீட்_நம்பர்_7 சொன்ன கேஸேதான். "98 இருந்தது ஏன் 96 ஆச்சு?" என்று லீட் மெயில் போட்டிருக்கிறார். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய_க்யூஏ:

அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்கிரீன்ஷாட்டை மெயிலில் முதலில் வையுங்கள்.