வாஃபிள் மேக்கரில் ஒட்டிக்கொள்கிறது, உதவுங்கள்

மூன்று வாரமாக ஒரு வாஃபிளைக்கூட முழுதாக எடுக்க முடியவில்லை. மூடியைத் திறந்தால் இரண்டாகப் பிளந்து, பாதி மேல் தட்டோடு போய்விடுகிறது. குழிகளில் அப்பியதை மரக்குச்சியால் சுரண்டித்தான் எடுக்கிறேன்.

மேக்கர் 750 வாட்ஸ், நான்ஸ்டிக், தட்டைக் கழற்ற முடியாது. வாங்கி 8 மாதம். முதல் ஏழு மாதமும் நல்ல தோசைக்கல்லில் வார்த்த மாதிரி அழகாகக் கழன்று வந்தது. மாவு: 1 கப் மைதா, 1 முட்டை, முக்கால் கப் பால், 3 ஸ்பூன் சர்க்கரை, 1 ஸ்பூன் வெண்ணெய், பேக்கிங் பவுடர்.

பச்சை விளக்கு எரிந்த பிறகும் 5 நிமிடம் சூடாக்கினேன். ஆவி அடங்கும்வரை திறக்கவில்லை. சர்க்கரையைப் பாதியாக்கினேன், பலனில்லை. வெண்ணெயை 4 ஸ்பூனாக்கியதும் கீழ்ப்பக்கம் பரவாயில்லை, மேல்பக்கம் இன்னும் பிடிக்கிறது.

அப்புறம் ஒன்று. இரண்டு மாதமாக ஸ்ப்ரே எண்ணெய் அடித்து வந்தேன். இப்போது குழி ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தும் போகவில்லை. சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், வாஃபிள்தான் வேண்டும் என்கிறாள்.

நான்ஸ்டிக் பூச்சு கெடாமல் இந்தப் படலத்தை எடுக்க உங்களுக்கு எது கைகொடுத்தது?